ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை: அரை நாள் கடற்கரைப் பயணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களைத் தனுஷ்கோடிச் சாலையில் அழைத்துச் சென்று காட்டுவது பல ஆண்டுகளாக என் தொழில். தொலைபேசியிலும் வண்டியிலும் கடற்கரையிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் பொதுவான சந்தேகங்களும், போகப் போகச் சற்றுச் சிக்கலானவையும் வருகின்றன. இந்தச் சாலையை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதும், இங்குள்ள கடலை மதிக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. பதில்களில் அது தெரியும்.

அரிச்சல்முனை, தனுஷ்கோடி இரண்டும் ஒன்றா, வேறு வேறா?

பாம்பன் தீவின் தென்கிழக்கே, வால் போல நீண்டு மெலிந்து செல்லும் மணற்பகுதியில், 1964 புயலில் அழியும் வரை, தனுஷ்கோடி என்ற ஊர் இருந்தது. அந்த ஊரைத் தாண்டி நிலம் முடியும் இடம் அரிச்சல்முனை. ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டால் புது ரோடு, கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியும் பாதை, முகுந்தராயர் சத்திரம், கம்பிப்பாடு, பழைய தனுஷ்கோடியின் இடிபாடுகள் ஆகியவற்றைக் கடந்து கடைசியாக முனையை அடைவோம். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் சேர்த்தே தனுஷ்கோடி என்கிறோம். ஆனால் வண்டி பேசும்போது "அரிச்சல்முனை வரை" என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

போக இருபது கிலோமீட்டர்தானே, அதற்கு எதற்கு அரை நாள்?

நிற்காமல் ஓட்டினால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். அப்படிப் போய், முனையில் இருக்கும் அசோகத் தூண் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறவர்கள் தினமும் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். அவர்கள் பார்த்தது தார்ச்சாலையையும் கூட்டத்தையும்தான் என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

கோதண்டராமர் கோயிலில் அரை மணி நேரம், சவுக்குத் தோப்பு முடிந்து இரண்டு பக்கமும் கடல் விரியும் இடத்தில் கொஞ்ச நேரம், கரைவலை இழுக்கிறவர்கள் இருந்தால் அவர்களோடு சற்று, இடிபாடுகளில் ஒரு மணி நேரம், முனையில் முக்கால் மணி நேரம் என்று கூட்டிப் பார்த்தால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. கரைவலை என்பது படகில் ஒரு முனையைக் கடலுக்குள் கொண்டுபோய் வளைத்து விட்டு, கரையில் இரண்டு வரிசையாக நின்று கைகளால் இழுக்கும் வலை. ஒரு முறை இழுத்து முடிக்கவே மணிக்கணக்காகும். கடைசியில் மீன் சேர்ந்திருக்கும் வலைப்பையான மடி கரையேறும் நேரத்தில் அங்கே நிற்கிற வாய்ப்பு கிடைத்தால் அதை விட்டுவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை.

சொந்தக் கார் இருக்கிறது, சாலையும் நன்றாக இருக்கிறது. வழிகாட்டி எதற்கு?

வழி காட்டுவதற்காக யாரும் தேவையில்லை. இருப்பது ஒரே சாலை. 2017ஆம் ஆண்டுக்கு முன் நிலைமை வேறு. முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கு அப்பால் மணலிலும் ஓரத் தண்ணீரிலும் ஓடத் தெரிந்த ஜீப், வேன்களில்தான் போக வேண்டும். சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட பிறகு எந்த வண்டியும் போகலாம். அரசுப் பேருந்தும் போகிறது.

இப்போது உடன் வருகிறவரின் வேலை மூன்று. அன்றைய காற்றையும் கடலையும் பார்த்து எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று சொல்ல வேண்டும். இடிபாடுகளில் எந்தச் சுவர் எந்தக் கட்டடம் என்று காட்ட வேண்டும். அங்கே குடியிருக்கும் மீனவக் குடும்பங்களோடு முகம் பழகியவராக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் வெறும் கதை சொல்கிறவர் வந்தால், நீங்களே ஓட்டிச் செல்வதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

காலையில் போவதா, மாலையில் போவதா?

என்னைக் கேட்டால் காலை. சோதனைச் சாவடி திறந்தவுடன் நுழைந்தால் மணலில் முந்தின நாள் கால்தடங்கள்கூடக் காற்றில் அழிந்திருக்கும்; வெயிலும் கூட்டமும் ஒன்பது மணிக்கு மேல்தான் ஏறும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் ஆறரை மணி வாக்கில் உதிப்பதால், சீக்கிரம் கிளம்பினால் சாலையிலேயே உதயத்தைப் பார்த்துவிடலாம்.

மாலையில் வருகிறவர்கள் மூன்று மணிக்குள் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட வேண்டும். பொழுது சாய்வதற்குள் எல்லா வண்டிகளும் வெளியேறிவிட வேண்டும் என்பது காவல்துறையின் கட்டுப்பாடு. அதற்கு முன்பே உள்ளே விடுவதையும் நிறுத்திவிடுவார்கள். நேரம் அவ்வப்போது மாறுவதால் அன்று காலையிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். இரவில் தங்கவோ கூடாரம் போடவோ அனுமதி இல்லை.

கோயில் தரிசனத்தையும் இதையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா?

முடியும். விடியற்காலை ஐந்து மணி வாக்கில் ஸ்படிக லிங்க தரிசனம், அதன் பிறகு அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடி, உடை மாற்றிச் சுவாமி தரிசனம் முடிக்கவே முற்பகல் ஆகிவிடும். நண்பகல் கழிந்து நடை சாத்தியிருக்கும் நேரத்தில் சாப்பிட்டு ஓய்வெடுத்து, மேலே சொன்னபடி மூன்று மணிக்குள் கிளம்பினால் சரியாக இருக்கும். ஈரத்துணியோடு வண்டியில் ஏறி நேரே கடற்காற்றுக்குப் போக வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும்?

தை, மாசி, பங்குனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் இன்னும் கடுமையாகாத காலம் அது. பறவைகளும் இருக்கும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றும் மழையும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் பெரும்பாலும் இந்தச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். அன்று யார் என்ன சொன்னாலும் போக முயல வேண்டாம். வைகாசி முதல் ஆவணி வரை தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று அடிக்கும். அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் சீறும். மணல் சாலையில் வந்து குவியும். பறக்கும் மணல் முழங்காலுக்குக் கீழே ஊசி குத்துவது போலப் படும். கண்ணாடியும் முகத்துக்கு ஒரு துண்டும் வைத்துக்கொண்டால் அந்தக் காலத்திலும் வரலாம். அந்தக் காற்றில்தான் இரு கடல்களின் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும் என்பதால், சிலருக்கு நான் அதையே பரிந்துரைப்பதும் உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் மட்டும் வேண்டாம். சாலை முழுக்க வண்டிகள் நிற்கும்.

ஆண் கடல், பெண் கடல் என்கிறார்களே, அது என்ன? இரண்டு தண்ணீரும் கலக்காது என்பது உண்மையா?

முனையை நோக்கிச் செல்லும்போது இடப்பக்கம் இருப்பது பாக் நீரிணை. வலப்பக்கம் இருப்பது மன்னார் வளைகுடா. பாக் நீரிணை ஆழம் குறைந்தது. ஆண்டின் பெரும்பகுதி குளம் போலக் கிடக்கும். அதைப் பெண் கடல் என்றும், அலை உயர்ந்து கரையை அறையும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆனால் இது காற்றைப் பொறுத்தது. சோழகம் அடிக்கும் மாதங்களில் தெற்குக் கடல் சீறும், வடக்குக் கடல் அடங்கியிருக்கும். வாடை அடிக்கும் மாதங்களில் நிலைமை தலைகீழாகும். மார்கழியில் பெண் கடலைப் பார்க்கிறவர்கள் பெயர் மாறிவிட்டதோ என்றுதான் நினைப்பார்கள்.

கலக்காது என்பது சரியல்ல. முனையில் இரு பக்கத்து அலைகளும் குறுக்கே வந்து மோதிக்கொள்வதைக் கண்ணாலேயே காணலாம். மோதும் இடத்தில் நீர் கலந்துகொண்டேதான் இருக்கிறது. சில நாள்களில் தெரியும் நிறக்கோடு, ஆழமும் கலங்கிய மண்ணின் அளவும் இரு பக்கமும் வேறுபடுவதால் உண்டாவது. மறுநாள் வந்து பார்த்தால் அந்தக் கோடு வேறோரிடத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

அவ்வளவு அமைதியாக இருக்கிறதே, முழங்கால் அளவாவது இறங்கக் கூடாதா?

முனையில் கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பதிலை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அரிச்சல்முனையில் குளிக்கத் தடை என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதையும் மீறி இறங்கி உயிரிழந்தவர்கள் உண்டு.

காரணம் இதுதான். காற்று ஒரு பக்கத்து நீரைத் தள்ளிக் குவிக்கும்போது, அந்த நீர் முனையைச் சுற்றியும் அப்பால் உள்ள மணல் தீடைகளின், அதாவது கடல் நடுவே தலைகாட்டும் மணல் திட்டுகளின், இடுக்குகள் வழியாகவும் மறுபக்கம் பாயும். மேலே அலை சிறியதாகத் தெரிந்தாலும் அடியில் ஆற்று வெள்ளம் போல நீரோட்டம் இருக்கும். கரையும் படிப்படியாக ஆழமாவதில்லை. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடி ஆளுயரமாக இருக்கக்கூடும். நின்றுகொண்டிருக்கும்போதே காலடி மணல் கரைந்து இழுபடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதில் தப்புவது கடினம், ஏனென்றால் நீரோட்டம் கரைக்குக் கொண்டு வராமல் தீடைப் பக்கம் கொண்டுபோகும். நேற்று திடமாக இருந்த மணல் இன்று இருக்காது. முனையின் வடிவமே மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

கால் நனைக்க வேண்டும் என்கிறவர்களை, காற்று அனுமதிக்கும் நாளில், முனைக்கு வெகு முன்னால் பாக் நீரிணைப் பக்கம் மீனவர்கள் புழங்கும் கரையில் இறக்கிவிடுவேன். அங்கும் குழந்தையின் கையை விடக் கூடாது.

நாங்கள் சேதுவில் ஸ்நானம் செய்யவே வந்திருக்கிறோம். அது எப்படி?

சேது ஸ்நானம் மிகப் பழைய வழக்கம். காசி யாத்திரை செய்கிறவர்கள் சேதுவில் நீராடி, இங்கிருந்து மணல் எடுத்துச் சென்று கங்கையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதோடு அந்த யாத்திரை நிறைவடைகிறது. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் முந்தைய பதிலில் சொன்ன ஆபத்து, வேண்டுதலோடு இறங்குகிறவருக்கும் ஒன்றுதான். புரோகிதரோடு வருகிறவர்கள் கரையில் சங்கல்பம் செய்து, குடத்தில் அல்லது வாளியில் முகந்து தலையில் ஊற்றிக்கொள்வதே பாதுகாப்பு. முழுக்குப் போட வேண்டும் என்கிறவர்களுக்குக் கோயிலின் கிழக்கே இருக்கும் அக்னி தீர்த்தக் கடல் உண்டு.

அண்ணே, முனையில் நின்றால் இலங்கை தெரியுமா?

தெரியாது. "அதோ தெரிகிறது பார்" என்று யாரேனும் காட்டினால், அவர்கள் காட்டுவது பெரும்பாலும் மணல் தீடையாகவோ தூரத்துப் படகாகவோ இருக்கும். தலைமன்னார் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான் என்றாலும், கரையில் நிற்கிறவரின் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டரில் முடிந்துவிடும்; தலைமன்னாரோ தாழ்வான மணல் நிலம்.

தெரிவது ராமர் பாலம் அல்லது ஆதாம் பாலம் எனப்படும் மணல் தீடைகளின் தொடக்கம். தெளிந்த நாளில் வெளிறிய பச்சைப் பட்டையாக நீர் நிறம் மாறும் இடத்தைக் காட்டுவேன். அருகில் உள்ள தீடைகள் இந்தியாவைச் சேர்ந்தவை, அப்பால் உள்ளவை இலங்கையைச் சேர்ந்தவை. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் இந்தக் கடலில் எல்லையை வகுத்தன. இலங்கையில் நெருக்கடி முற்றிய 2022இல் அகதிகளாக வந்த குடும்பங்கள் இப்படிப்பட்ட தீடைகளில் இறக்கிவிடப்பட்டு, குழந்தைகளோடு வெயிலில் காத்திருந்து மீட்கப்பட்டார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவ்வளவு பக்கம். உங்கள் கைபேசியே சில சமயம் இலங்கை அலைவரிசையைப் பிடித்துவிடும். ரோமிங்கை அணைத்து வைத்தால் தேவையில்லாத கட்டணம் வராது. எல்லைப் பகுதி என்பதால் டிரோன் பறக்கவிட வேண்டாம்.

1964இல் உண்மையில் என்ன நடந்தது?

அப்போது தனுஷ்கோடி ஒரு துறைமுக நகரம். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, மருத்துவமனை, கோயில், தேவாலயம், சத்திரங்கள் எல்லாம் இருந்தன. சென்னை எழும்பூரில் போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடித் துறையில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போகலாம். பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டதோடு இந்த வழி ஏற்பட்டது.

1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, புயலோடு எழுந்த பேரலை ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயில், நிலையத்தை நெருங்கிய நிலையில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. தந்தி, தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் அறுந்துபோனதால் செய்தி வெளியுலகுக்கு எட்டவே நேரமாயிற்று. பாம்பன் பாலமும் சிதைந்தது, ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் அது சீர்செய்யப்பட்டது. தனுஷ்கோடி வரையிலான தண்டவாளம் மட்டும் மீண்டும் போடப்படவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று ஊரை அரசு அறிவித்துவிட்டது.

அங்கே பேய் நடமாட்டம் உண்டாமே? "பேய் ஊர்" என்று போட்டிருந்தார்கள்.

இல்லை. அங்கே நடமாடுவது மனிதர்கள். அரசு கைவிட்ட பிறகும் மீனவக் குடும்பங்கள் அந்த மணலிலேயே ஓலைக் குடிசை போட்டுக் கடல் தொழிலைத் தொடர்கின்றன. பிள்ளைகள் படிக்கிறார்கள், சூரியத் தகடு வைத்து விளக்கு எரிக்கிறார்கள். அவர்களின் பாட்டன், பாட்டிமார் பலர் அந்த ஓர் இரவில் போனவர்கள். அந்த இடத்தைப் பேய் ஊர் என்று அவர்கள் காதுபடச் சொல்லக் கூடாது என்று வண்டி ஏறும்போதே கேட்டுக்கொள்வேன். குடிசைகளையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது.

வெறும் இடிந்த சுவர்கள்தானே, ஒரு மணி நேரம் என்ன பார்ப்பது?

தேவாலயத்தின் சுவரருகே சென்று, ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். அது செங்கல் இல்லை. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. ஒவ்வொரு கல்லிலும் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் ஒரு பவள உயிரின் வீடு. சில கற்களில் மூளையின் மடிப்புப் போன்ற வரிகள் இருக்கும். உப்புக்காற்று சாந்தை அரித்துவிட்ட இடங்களில் கல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. கடலிலிருந்து எடுத்த கல்லால் கட்டியதைக் கடல் வந்து இடித்திருக்கிறது. அந்தக் குழிகள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. தயவு செய்து அந்தச் சுவரில் பெயர் கீற வேண்டாம், மேலே ஏறவும் வேண்டாம். இடிபாடு ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்து வருகிறது.

அதை அடுத்து ரயில் நிலையத்தின் மிச்சம், நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் ஏற்றிய தொட்டியின் தூண்கள், தபால் நிலையச் சுவர். தண்டவாளம் எந்தத் திசையில் போயிற்று என்று ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால், அந்த ஊரின் தெருக்கள் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் மணல். அங்கே இருப்பவர்கள் குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்?

ஊற்றுத் தோண்டுகிறார்கள். முதன்முதலில் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு பெண்மணி இரு கைகளாலும் மணலை அள்ளி அள்ளிப் புறத்தே போடுவார். முழங்கை ஆழம் வருவதற்குள் குழியின் அடி கறுத்து ஈரமாகும். பிறகு ஓரங்களிலிருந்து நீர் கசிந்து கூடும். முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்த பிறகு கொட்டாங்கச்சியால் முகந்து குடத்தை நிரப்புவார். வாயில் விட்டால் உப்பு இராது.

மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் ஓர் அடுக்காக மிதப்பதால் இப்படிக் கிடைக்கிறது. ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் வந்துவிடும். எவ்வளவு தோண்ட வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். அந்த நீர் அவர்களின் அன்றாடத் தேவைக்கானது. கால் கழுவவோ, வேடிக்கைக்குத் தோண்டிப் பார்க்கவோ கேட்க வேண்டாம்.

சாப்பாடு, கழிப்பறை வசதி எப்படி?

வழியிலும் முனையிலும் உள்ள கொட்டகைகளில் அன்று பிடித்த மீனை மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள்; இளநீரும் தேநீரும் கிடைக்கும். எண்ணெயை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்குங்கள். முழுச் சாப்பாடு வேண்டும் என்றால் ராமேஸ்வரத்துக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். குடிநீரை ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையைப் பொறுத்தவரை, ஊரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. காலி பாட்டிலையும் உறையையும் வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். அங்கே போட்டால் அடுத்த காற்றில் கடலுக்குள் போய்விடும்.

அம்மாவுக்கு எண்பது வயது, நடக்க முடியாது. கூட்டி வரலாமா?

தாராளமாக. இந்தப் பயணத்தில் வயதானவர்களுக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு: முனையில் சாலை வட்டமாகத் திரும்பும் இடத்திலிருந்தே இரு பக்கக் கடலையும் பார்க்கலாம். இருக்கையை விட்டு எழாமல், கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கியபடி பார்த்துத் திரும்பிய பெரியவர்கள் பலர். சக்கர நாற்காலி சாலையில் உருளும், மணலில் இறங்காது. நிழல் என்பதே இல்லாததால் கண்டிப்பாகக் காலை நேரத்தில் வாருங்கள்.

பூநாரை, ஆமை எல்லாம் பார்க்க முடியுமா?

பனிக்காலத்தில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரிலும் முனைக்கு முந்தைய காயல்களிலும் பூநாரைகள் இறங்கும். இந்தக் காயல் பகுதியை 2025 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு ஏறத்தாழ 524 ஹெக்டேர். பறக்கும் காட்சி வேண்டும் என்று கை தட்டி விரட்டுகிறவர்களை நான் அழைத்துச் செல்வதில்லை. தூரத்திலிருந்து பார்க்கத் தொலைநோக்கி இருந்தால் கொண்டு வாருங்கள்.

ஆமைகள் தை முதல் பங்குனி, சித்திரை வரை இரவில் கரையேறி முட்டையிடும். இவை பங்குனி ஆமைகள். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பகல் பயணத்தில் தாய் ஆமையைக் காண முடியாது. மணலில் அது நகர்ந்த தடம் சில காலைகளில் கிடைக்கும்.

சங்கு, சிப்பி, பவளத் துண்டு எடுத்துப் போகலாமா? கடையில் விற்கிறார்களே?

பவளம் கூடவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் கீழ் அது காக்கப்பட்ட உயிரினம். செத்து வெளுத்துக் கரை ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் பையில் இருந்தால் குற்றம். மன்னார் வளைகுடாவின் பல சங்கு, சிப்பி இனங்களும் அதே பட்டியலில் உள்ளன. எது பட்டியலில் உள்ளது, எது இல்லை என்று கரையில் நின்று பிரித்தறிய முடியாது என்பதால் எதையும் எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறேன். கடையில் சிப்பி மாலை வாங்கினால் ரசீது கேட்டு வாங்குங்கள். முன்னே சொன்ன சேது மணலை ஒரு கைப்பிடி எடுத்துச் செல்வதை யாரும் தடுப்பதில்லை.

அப்படியே பாம்பன் பாலம், கலாம் நினைவிடம், வில்லூண்டி தீர்த்தம் எல்லாவற்றையும் சேர்த்துவிடலாமா?

திசையைப் பாருங்கள். தனுஷ்கோடி ஊருக்குத் தென்கிழக்கே. இவை மூன்றும் மேற்கே. சேர்த்தால் எதையும் ஒழுங்காகப் பார்த்ததாக இராது. பேய்க்கரும்பில் உள்ள கலாம் நினைவிடமும், தங்கச்சிமடம் பக்கம் கடலுக்குள்ளேயே நன்னீர் ஊறும் வில்லூண்டி தீர்த்தமும், பாம்பன் பாலமும் இன்னோர் அரை நாளுக்கு உரியவை. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே மேலெழும்பிக் கப்பலுக்கு வழிவிடுகிறது. சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டாம். கரையிலிருந்து பார்ப்பதே நல்ல காட்சி.

கலாமின் தந்தை, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் படகு வைத்திருந்தவர். அதனால் இரண்டு நாள் தங்குகிறவர்களிடம், முதலில் தனுஷ்கோடி, மறுநாள் பேய்க்கரும்பு என்ற வரிசையைச் சொல்வேன்.

வாடகை பேசும்போது எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

அரிச்சல்முனை வரையா, எத்தனை மணி நேரம், காத்திருப்புக்குத் தனிக் காசு உண்டா, வாகன நுழைவு மற்றும் நிறுத்தக் கட்டணம் யார் பொறுப்பு, பேசிக் காட்டுகிறவர் உடன் வருவாரா அல்லது ஓட்டுநர் மட்டுமா. இவ்வளவையும் ஏறுவதற்கு முன் கேளுங்கள். காற்று காரணமாகவோ காவல்துறை உத்தரவாலோ பாதியில் திரும்ப நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் பேசிவிடுங்கள். நான் அப்படி நேரும் நாளில் பாதி வாடகைதான் வாங்குகிறேன். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல முடியாது, முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லலாம்.

என் தாத்தா தனுஷ்கோடியில் ரயில்வே ஊழியராக இருந்தார். அவர் இருந்த வீட்டைக் கண்டுபிடித்துக் காட்ட முடியுமா?

ஆண்டுக்குச் சிலராவது இப்படி வருகிறார்கள், இலங்கையிலிருந்தும் வந்திருக்கிறார்கள். வீட்டையே காட்டுவேன் என்று வாக்குத் தர முடியாது. பெரும்பாலான வீடுகள் மணலுக்கடியிலோ நீருக்கடியிலோ இருக்கின்றன. ஆனால் ரயில்வே குடியிருப்பு எந்தப் பக்கம் இருந்தது, நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை நிற்கும் சுவர்களைக் கொண்டு ஓரளவு கணித்துச் சொல்லலாம்.

அன்று தப்பியவர்கள் ராமேஸ்வரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் குடியேறினார்கள். அப்போது சிறுவர்களாக இருந்த சிலர் இன்றும் இருக்கிறார்கள். தாத்தாவின் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், என்ன வேலை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, கூட வேலை செய்தவர் எவருடைய பெயராவது நினைவிருந்தால் அது, இவற்றை ஒரு தாளில் எழுதி, பழைய படம் இருந்தால் அதையும் சேர்த்து வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அனுப்புங்கள். பெரியவர்களிடம் காட்டிக் கேட்டு வைக்கிறேன். இதற்கு அரை நாள் போதாது. அடுத்தடுத்த இரண்டு காலைகளை ஒதுக்கி வையுங்கள், முதல் காலை அவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு, இரண்டாவது காலை அவர்கள் சொன்ன இடத்தில் போய் நிற்பதற்கு.